நாகாலாந்தில் ஆட்சி நடத்துவது சர்ச்சா?

ஒரு வாசகரின் கேள்வி: ஜனவரி 11, 2025

போன மாதம் ஹார்ன்பில் திருவிழாவுக்குக் கோஹிமா போய் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு டீக்கடைகூடத் திறக்கவில்லை. மதுவிலக்கைக் கொண்டுவந்ததே சர்ச்தான் என்றார் டிரைவர். அரசு விழாகூட பாஸ்டரின் ஜெபத்தோடுதான் ஆரம்பிக்கிறது. அங்கே உண்மையில் ஆட்சி நடத்துவது சர்ச்தான் என்று எனக்குப் படுகிறது. அங்கே வாழ்ந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜனவரி 12, காலை

பாதி சரி. நான் வங்கியில் வேலை பார்த்தவன். மொகோக்சுங்கில் மூன்றரை வருடம், கோஹிமாவில் பத்து மாதம். கிறிஸ்தவன் இல்லை, ஆனால் பாளையங்கோட்டைக்காரன், சர்ச் மணி கேட்டு வளர்ந்தவன். அதனால் இதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதானே என்ற நினைப்போடு போய் இறங்கினேன். அந்த நினைப்பு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

மதுவிலக்கையே எடுத்துக்கொள்வோம். 1989-இல் முழு மதுவிலக்குச் சட்டம் வந்தது. சபைகள் கேட்டு, போராடி வாங்கிய சட்டம். எடுத்துவிடலாமா என்று யாராவது பேச்செடுத்தால் அங்கே பெரும்பாலோர் சேர்ந்திருக்கும் பாப்டிஸ்ட் பிரிவின் சபை மன்றத்திலிருந்து மறுப்பு உடனே வந்துவிடும். ஆனால் பாட்டில் கிடைக்காத ஊர் ஒன்றை நான் பார்க்கவில்லை. திமாப்பூரைத் தாண்டினால் அசாம். அந்தப் பக்கம் லகோரிஜான், கட்கட்டி என்று கடைகள் வரிசையாக நிற்கின்றன, அவற்றின் பிழைப்பே இந்தப் பக்கத்து மதுவிலக்கில்தான் ஓடுகிறது. ஹார்ன்பில்லில் மூங்கில் குவளையில் நீங்கள் குடித்திருப்பீர்களே அரிசி பீர் (குடிக்கவில்லை என்று சொல்லாதீர்கள்), அதுவும் இந்த மதுவிலக்கு மாநிலத்தில்தான். சட்டம் போட வைக்கச் சர்ச்சால் முடிந்தது, குடியை நிறுத்த முடியவில்லை. இதற்குப் பெயர் ஆட்சியா? சர்ச் சொல்வதை அங்கே யாரும் கேட்பதில்லை, கேட்பதுபோல் இருந்துகொள்கிறார்கள், அவ்வளவுதான்.

ஜனவரி 12, இரவு

இன்று ஞாயிறு என்பதால் நினைவு வந்தது. மொகோக்சுங்கில் என் முதல் ஞாயிறு. சனிக்கிழமை ராத்திரிதான் போய்ச் சேர்ந்தேன், கேஸ் இணைப்பு கிடையாது, காலையில் ஏதாவது ஹோட்டலில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் ஊரில் ஷட்டர் ஒன்றுகூட மேலே போகவில்லை. பார்த்தவரெல்லாம் சர்ச்சுக்குப் போகிற உடுப்பில் இருந்தார்கள், ஆண்கள் கோட்டு, பெண்கள் இடுப்பில் சுற்றும் மேகலா, கையில் பைபிளும் பாட்டுப் புத்தகமும். என்னிடம் இருந்தது ரயிலில் வாங்கிய ஒரு பிஸ்கட் பாக்கெட். மதியம் அதுவும் தீர்ந்தது. மூன்று மணிக்கு வீட்டுக்கார ஆன்ட்டி கதவைத் தட்டி, ஒரு மூடி போட்ட தட்டை நீட்டினார். சோறு, மூங்கில் குருத்துப் போட்ட பன்றிக்கறி, அவித்த கீரை. "சர்ச்சிலிருந்து வருகிறேன், உன் வீட்டில் புகையே வரவில்லையே" என்றார். நான் அதுவரை பன்றி தின்றதில்லை. அன்றைக்குத் தின்றேன்.

அடுத்த ஞாயிறும் தட்டு வந்தது. அங்கே இருந்த வரைக்கும் வந்தது.

ஜனவரி 13

இன்று திங்கள். அங்கே திங்கட்கிழமை காலை கேஷ் கவுண்டரில் உட்கார யாரும் விரும்ப மாட்டார்கள். சபைப் பொருளாளர்கள் வருவார்கள். சும்மா ஒரு உறையோடு அல்ல, துணிப்பையோடு. நாலாக மடித்த பத்து ரூபாய்கள், உள்ளங்கை வியர்வையில் நமுத்த இருபதுகள், சில்லறை தனியே ஒரு டப்பாவில். கூடவே தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்று. அது குடும்பப் பெயர் எழுதிய உறையில் வந்து, சர்ச்சிலேயே எண்ணப்பட்டு, சீராகக் கட்டப்பட்டிருக்கும். எங்கள் கிளையில் அரசுத் துறைகளை விட்டால் பெரிய கணக்குகள் சபைகளுடையவைதான்.

மாநில அரசுக்கு யாரும் மனமுவந்து ஒரு பைசா கொடுத்து நான் பார்த்ததில்லை. மாநிலத்துக்குள் சம்பாதிக்கும் பழங்குடியினருக்கு வருமான வரியும் கிடையாது. தனிநாடு கேட்டு ஆயுதம் எடுத்த தலைமறைவுக் குழுக்கள் கேட்கும் 'வரி'யைக் கடைக்காரர்கள் முனகிக்கொண்டே கொடுப்பார்கள். கேட்க ஆள் அனுப்பாமல் வாரா வாரம் வந்து சேர்கிற ஒரே வரி சர்ச்சுக்கானது. நேற்று நான் எழுதியதோடு இது இடிக்கிறது என்று தெரிகிறது. இருக்கட்டும், யோசித்துச் சொல்கிறேன்.

ஜனவரி 15

"வெள்ளைக்காரன் வந்து மாற்றிவிட்டுப் போனான், அவன் பண்ணிய வேலை" என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். கணக்கைப் பாருங்கள். 1951 கணக்கெடுப்பில் நாகா மலைகளில் கிறிஸ்தவர் 46 சதவீதம்தான். ஐம்பதுகளின் நடுவில் வெளிநாட்டு மிஷனரிகள் எல்லோரும் வெளியேற வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு 1961-இல் 53, 1981-இல் 80, 2011-இல் 88. கிட்டத்தட்ட பாதிப் பேர் மதம் மாறியது வெள்ளைக்காரன் போன பிறகு. மாற்றியது நாகா பாஸ்டர்கள். மாறியது, தனிநாடு கேட்டவர்களை ஒடுக்க ராணுவம் கிராமங்களை எரித்து மக்களை ஒரே இடத்தில் அடைத்துவைத்த காலத்தில். வீடும் தானியக் களஞ்சியமும் போனவனுக்கு, மற்ற கிராமத்தானோடும் மற்ற இனத்தானோடும் கூடி நிற்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்தைத் தில்லி கொடுக்கவில்லை.

முதலில் வந்தவரும் வெள்ளைக்காரர் இல்லை. கோதுலா என்ற அசாமியர், 1871-இல் மொலுங்கிமோங் என்ற கிராமத்துக்குப் போனார், மொகோக்சுங் பக்கத்து நாகா இனமான ஆவோக்களின் ஊர். கம்பெனியின் ஒற்றன் என்று சந்தேகப்பட்டுக் குடிசையில் காவலில் வைத்தார்கள், அவர் உள்ளே இருந்து பாடிக்கொண்டே இருந்தார், கேட்க வந்தவர்கள் இளகினார்கள் என்று அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள். அவரை அனுப்பிய அமெரிக்க மிஷனரி கிளார்க் 1872 டிசம்பரில் வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். நூற்றாண்டு விழாவுக்கு 1972-இல் உலகப் புகழ்பெற்ற அமெரிக்கப் பிரசங்கி பில்லி கிரஹாமே கோஹிமாவுக்கு வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 15, கொஞ்சம் கழித்து

சேர்க்க மறந்தது: கிளார்க்கைப் பின்பற்றியவர்களால் அந்த ஊரே இரண்டாகப் பிரிந்து, 1876-இல் கிறிஸ்தவர்கள் மொலுங்யிம்சென் என்று புது ஊர் போட்டுக்கொண்டு போனார்கள். ஆகவே எல்லாம் பாட்டும் இளகலுமாக நடந்துவிடவில்லை.

ஜனவரி 18

மொரூங் பற்றிக் கேட்டவருக்கு. வயது வந்த பையன்கள் ராத்திரி தங்கும் பெரிய வீடு, ஆவோ மொழியில் அரிஜு. காவல் காப்பது, வயல் வேலைக்குக் கூட்டாகப் போவது, பாட்டு, கதை, பெரியவர் முன் எப்படி நிற்பது, எல்லாம் அங்கேதான் படிப்பு. எதிரி ஊரான் தலையை வெட்டிவரக் கிளம்புவதும் அங்கிருந்துதான், அதை விட்டுவிட்டுப் புகழ வேண்டாம். மிஷன் வந்ததும் அரிஜுவில் தூங்கக் கூடாது, அரிசி பீர் தொடக் கூடாது, பழைய பாட்டு பாடக் கூடாது, ஊருக்கே மாடு வெட்டிப் போட்டுப் பெருமை தேடும் விருந்து கூடாது என்று வரிசையாகத் தடை. அரிசி பீருக்கு அங்கே 'மொது' என்று பேர், நம் 'மது'தான். அது அவர்களுக்குக் குடி மட்டும் இல்லை, வயலில் பாதி நாள் சாப்பாடே அதுதான். அதை நிறுத்தச் சொன்னால் என்ன ஆகும்? டீ வந்தது. சர்க்கரை போட்ட கறுப்பு டீ. இன்றைக்கும் நாளைக்குப் பத்து தடவை.

மொகோக்சுங்கில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த மில்ஸ் இதையெல்லாம் பார்த்து, மிஷன்காரர்கள் இந்த மக்களின் வாழ்க்கையையே குலைக்கிறார்கள் என்று கடுமையாக எழுதிவைத்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் பழங்குடி அப்படியே இருந்தால் ஆள்வது எளிது என்பதும் ஓர் அதிகாரிக்குத் தெரியாமல் இருக்காது.

நான் பார்த்தது வேறு. அரிஜு போனது, ஆனால் அந்த வேலை எதுவும் போகவில்லை. சர்ச்சின் இளைஞர் பிரிவு விறகு வெட்டுகிறது, பாதை செப்பனிடுகிறது, பொங்கிப் போடுகிறது, வயதுக்குத் தகுந்தபடி குழு பிரித்து வேலை கொடுக்கிறது. பாட்டும் அப்படித்தான். நாலு குரலில் சோல்ஃபா எழுத்தை (டோ, ரே, மீ என்று ஸ்வரங்களை எழுத்தால் குறிப்பது) பார்த்துப் பாடுகிறார்கள், ஏழாவது படிக்கிற பிள்ளை டெனார் பாட்டைக் கண்ணாலே படித்துவிடும். எனக்கு இது ஒரு வருடம் கழித்துத்தான் உறைத்தது: சர்ச் அந்த ஊருக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கவில்லை. ஊர்தான் சர்ச்சுக்குள் குடிபுகுந்திருக்கிறது.

ஜனவரி 18, இரவு

டெனார் வயது வந்த ஆண்கள் பாடும் குரல், ஏழாவது பிள்ளை எப்படிப் பாடும் என்று ஒருவர் பிடித்துவிட்டார். அது ஆல்ட்டோ, பெண்களும் பிள்ளைகளும் பாடும் தாழ்ந்த குரல். மன்னிக்கவும். எனக்குக் கர்நாடக சங்கீதமே தெரியாது.

ஜனவரி 21

முதல் நாள் எழுதியதைத் திருத்த வேண்டும். "யாரும் கேட்பதில்லை" என்றேன். எங்கள் கிளையில் ஒருவர் இருந்தார், கணக்கில் புலி, ஆவோக்காரர். மனைவியை விட்டுப் பிரிந்து வேறொரு பெண்ணோடு வாழ ஆரம்பித்தார். சபை அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நிறுத்திவைத்தது. ஜெயில் இல்லை, அபராதம் இல்லை. ஞாயிறு சர்ச்சுக்கு வரலாம், கடைசி வரிசையில் உட்காரலாம், திருவிருந்து அப்பத் தட்டு வரும்போது அவரைத் தாண்டிப் போகும். அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது அவர் ஒரு பென்சிலைத் திரும்பத் திரும்பச் சீவிக்கொண்டிருந்தார், சீவ ஒன்றும் மிச்சமில்லாத பென்சில். "குடிக்கிறவன் எல்லாம் முன் வரிசையில் இருக்கிறான்" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். குடியை மறைக்கலாம், வீட்டை மறைக்க முடியாது. மாட்டுகிறவனுக்குத்தான் சட்டம். ஆனால் மாட்டியவனுக்கு அது நிஜமான சட்டம், நான் முதலில் சொன்னபடி வெறும் பாவனை இல்லை. சபையில் இல்லை என்றால் கல்யாணம், சாவு, கிறிஸ்துமஸ் சமையல் எதிலும் உன் பெயர் பட்டியலில் வராது. நாகா ஊரில் பட்டியலில் பெயர் இல்லாமல் இருப்பது என்னவென்று வெளியூர்க்காரனான எனக்கு முழுசாகப் புரியாது.

ஜனவரி 22

பிடியரிசி அங்கேயும் உண்டா என்று கேட்டவருக்கு: ஆம், உண்டு. சமைக்க அளக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துச் சர்ச்சுக்கென்று தனி டப்பாவில். மிசோரம் இதில் பேர்போனது, பிரஸ்பிட்டேரியன் பெண்கள் நூறு வருடத்துக்கு மேலாக அதில் மிஷன் நடத்துகிறார்கள். எங்கள் ஆன்ட்டி வீட்டிலும் அடுப்புக்குப் பக்கத்தில் பால்பவுடர் டின் ஒன்று இருந்தது. "எங்கள் ஊரிலும் இது உண்டு ஆன்ட்டி" என்றேன். நம்பவில்லை.

ஜனவரி 25

"சாதி இல்லாத கிறிஸ்தவம் அங்கேதான்" என்று எழுதியவருக்கு. சாதி இல்லை, சரி. நம் பக்கத்தில் ஒரே சர்ச்சுக்குள் தனித்தனி பெஞ்சு, தனித்தனிக் கல்லறை என்று இருந்ததையும் சில இடங்களில் இன்னும் இருப்பதையும் பார்த்தவனுக்கு அங்கே முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு கோஹிமாவுக்கு மாற்றலாகி வந்தேன். ஆவோ பாப்டிஸ்ட் சர்ச், லோதா பாப்டிஸ்ட் சர்ச், சுமி பாப்டிஸ்ட் சர்ச், அங்காமி பாப்டிஸ்ட் சர்ச், எல்லாம் ஒரே டவுனில், ஒரே மதப் பிரிவில். ஏன் என்றால் மொழி வேறு என்பார்கள். உண்மைதான், ஒரு இனத்தான் பேசுவது மற்றவனுக்குப் புரியாது, எல்லா இனத்தாரும் சந்தையில் பேசும் பொது மொழியான நாகாமீஸில் ஜெபம் பண்ண யாருக்கும் மனசு வராது. ஆனால் இங்கிலீஷ் நன்றாகப் பேசும் பிள்ளைகளும் அவரவர் இனத்துச் சர்ச்சுக்குத்தான் போகிறார்கள். எலெக்‌ஷன் வந்தால் அந்தப் பெஞ்சு வரிசையே ஓட்டு வரிசை.

கட்டிடத்தில் போட்டி வேறு. சுன்ஹெபோட்டோவில் சுமி சபை 2017-இல் திறந்த சர்ச்சில் 8,500 பேர் உட்காரலாம். ஊரின் ஜனத்தொகையே இருபதாயிரம் சொச்சம். நம் ஊர்க் கோபுரப் போட்டிக்குக் குறைந்ததில்லை.

ஜனவரி 26

கத்தோலிக்கர் உண்டா என்றால், உண்டு, குறைவு. 1948-இல் கோஹிமா ஆஸ்பத்திரிக்கு வந்த இரண்டு ஸ்பெயின் கன்னியாஸ்திரிகளிலிருந்து ஆரம்பம். பள்ளிக்கூடங்களால் பேர் வாங்கினார்கள். சில கிராமங்களில் பாப்டிஸ்ட் அல்லாத சபைக்கு இடமே கிடையாது என்று கிராமத்தார் தீர்மானம் போட்டு, மாறிய குடும்பங்களை வெளியேற்றிய தகராறுகளும் நடந்திருக்கின்றன.

பிப்ரவரி 2

ஒரு வாரம் எழுதவில்லை, பேத்தி வந்திருந்தாள்.

அரசியல். சர்ச் பெரிதாகச் சாதித்தது எது என்று என்னைக் கேட்டால் 1964 என்பேன். வோக்காவில் கூடிய பாப்டிஸ்ட் மாநாடு, அமைதித் தூதுக் குழு வேண்டும் என்று தீர்மானம் போட்டு ஜெயப்பிரகாஷ் நாராயண், அசாம் முதல்வர் சாலிஹா, மைக்கேல் ஸ்காட் பாதிரியார் மூவரையும் அழைத்தது. செப்டம்பர் 6-இல் ராணுவத்துக்கும் நாகா போராளிகளுக்கும் நடுவே துப்பாக்கி நின்றது. சமரசம் நீடிக்கவில்லை, ஸ்காட்டை இந்திய அரசு 1966-இல் வெளியேற்றியது, ஆனால் அந்த முதல் அமைதியான நாட்களைப் பற்றிக் கிழவர்கள் பேசும்போது குரலே மாறும். பயமில்லாமல் வயலுக்குப் போனோம் என்பார்கள். பிறகு குழுக்கள் உடைந்து ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டபோது 2008-லிருந்து சமரசப் பேச்சுக்கு உட்கார வைத்ததும் பாஸ்டர்கள்தான். சுடுகிறவன் முழக்கத்திலும் கிறிஸ்துவுக்காக நாகாலாந்து, சுடாதே என்கிறவன் வாயிலும் கிறிஸ்து. இரண்டு பேரும் ஒரே சண்டே ஸ்கூல்.

இதற்கு நேர் எதிர், தேர்தல். பணம் வாங்காதே, ஒருவருக்கு ஒரு ஓட்டு, வீட்டுத் தலைவர் எல்லோர் ஓட்டையும் சேர்த்துப் போடாதே என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் சபை மன்றம் பிரசாரம் செய்கிறது, உறுதிமொழி வாங்குகிறது. மொகோக்சுங்கில் வாக்குப்பதிவுக்கு முந்தின வாரம் என் கவுண்டரில் புது ஐந்நூறு ரூபாய்க் கட்டுகள் எப்படிப் பறந்தன என்று எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு அதில் பத்தில் ஒன்று தசமபாகமாகத் திரும்பி வந்ததையும் எண்ணியிருக்கிறேன். (ஆதாரம் கேட்காதீர்கள். நோட்டு புதிதாக இருந்தது, அவ்வளவுதான்.)

பிப்ரவரி 4

பெண்கள் பற்றி. சர்ச்சில் பாதிக்கு மேல் வேலை பெண்களுடையது. இறையியல் படித்த பெண்கள் நிறையப் பேர். ஆனால் பெண்கள் பிரிவுக்கு உதவி பாஸ்டர் ஆவார்கள், சபைக்கு முதல் பாஸ்டர் ஆவது அபூர்வம். 2017-இல் நகராட்சியில் 33 சதவீதம் பெண்களுக்கு என்றபோது கோஹிமாவில் நகராட்சிக் கட்டிடமே எரிந்தது, முதலமைச்சர் பதவி போனது. எதிர்த்தவை இன அமைப்புகள். பாப்டிஸ்ட் மன்றம் நடுவில் நின்று தேர்தலைத் தள்ளிவைக்கப் பேசி முடித்தது, அந்தப் பேச்சையும் மீறித்தான் தீப்பற்றியது. மாநிலம் உருவாகி அறுபதாவது வருடத்தில், 2023-இல்தான் ஹெக்கானி ஜக்காலு, சல்ஹூடுவோனுவோ க்ரூஸே என்று இரண்டு பெண்கள் முதன்முதலாகச் சட்டசபைக்குள் போனார்கள். நகராட்சித் தேர்தல் பெண்கள் ஒதுக்கீட்டோடு 2024-இல் ஒருவழியாக நடந்தது.

ஆக, ஊரும் இனமும் ஏற்கெனவே விரும்புவதைச் சர்ச் சொன்னால் அது நடக்கும். விரும்பாததைச் சொன்னால் ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

பிப்ரவரி 5

மேலே சொன்னதற்கு ஒரு விலக்கு, கிறிஸ்தவர் அல்லாத நாகர்கள். ராணி கைதின்லியு. 1932-இல் பதினாறு, பதினேழு வயதில் பிரிட்டிஷாரால் சிறையில் போடப்பட்டவர், பழைய வழிபாட்டைச் சீர்திருத்திய ஹெரக்கா மார்க்கத்தின் தலைவி. நமக்கு அவர் விடுதலைப் போராட்ட வீரர், தபால்தலை எல்லாம் உண்டு. 2015-இல் கோஹிமாவில் அவர் பேரில் அருங்காட்சியகமும் நூலகமும் கட்டப் போக, கடும் எதிர்ப்பு. பேரேன் பக்கத்து ஹெரக்காக்காரர் ஒருவர் கடன் விஷயமாக வருவார். பாரத்தில் மதம் என்ற இடத்தில் சற்று நேரம் பேனாவைத் தூக்கிப் பிடித்துவிட்டு, 'மற்றவை' என்று எழுதுவார். அவரிடம் போய் 'சர்ச்சுக்கு அதிகாரம் இல்லை' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பிப்ரவரி 9

கடைசியாக ஒன்று. வீட்டுக்கார அங்கிள் இறந்தது நான் அங்கே இருந்த மூன்றாவது குளிர்காலத்தில். ராத்திரி எட்டு மணி. ஒன்பதுக்குள் சர்ச் இளைஞர் பிரிவு முப்பது பேர் முற்றத்தில். யாரும் யாரையும் ஏவவில்லை. இரண்டு பேர் பலகை கொண்டுவந்து பின்பக்கம் சவப்பெட்டி அடிக்க ஆரம்பித்தார்கள், நாலு பேர் கல்லறைக்குக் குழி வெட்டப் போனார்கள், ஒருவன் நோட்டுப் புத்தகத்தோடு வாசலில் உட்கார்ந்து யார் அரிசி, யார் விறகு, யார் சர்க்கரை கொடுத்தார்கள் என்று எழுதினான். மீதிப் பேர் பாடினார்கள், விடிகிற வரைக்கும். ஆணி அடிக்கும் சத்தம் பாட்டுக்கு நடுவே வந்துகொண்டிருந்தது. மூன்று மணி வாக்கில் ஆணிச் சத்தம் நின்றதும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்துவிட்டார்கள்.

பின் வரிசைக்குப் போன என் சகாவும் வந்திருந்தார். யாரும் விலக்கவில்லை, அவரும் பலகை பிடித்தார். நோட்டுக்காரன் அவர் கொடுத்த சர்க்கரையை எழுதினான். அவர் பெயரைப் போட்டு எழுதினான். அதைக் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போனார்.

என் பெயரும் இருந்தது, அரிசி ஐந்து கிலோ.

பிப்ரவரி 9, பின்குறிப்பு

கேள்வி கேட்டவர் மே மாதம் மொவாத்சு திருவிழாவுக்கு மொகோக்சுங் போகிறாராம். அதுவும் இப்போது பாஸ்டர் ஜெபத்தோடுதான் தொடங்கும், பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். தங்குவது லாட்ஜ் என்றால் சனிக்கிழமை சாயந்தரமே ரொட்டி, முட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.